சாரல் அடிக்கும் ஊரில் கொட்டும் பூச்சிகளின் ஒரு வருஷம்

போன ஆனி மாதம் ஒரு மத்தியானம், செங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டு ஜன்னலுக்கு உள்ளே நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். சன்ஷேடின் அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு குளவிக்கூடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வந்த காற்று சாரலை வாரி அடித்ததில் கூடு நனைந்து, அறைகளில் தண்ணீர் கோத்திருந்தது. ஒரு குளவி அறைக்குள் தலையை விட்டுத் தண்ணீரை உறிஞ்சியது. கூட்டின் விளிம்புக்கு நடந்து வந்து, முத்துப்போல ஒரு சொட்டாக அதைக் கீழே விட்டது. திரும்பப் போனது, அடுத்த அறை. ஓடு ஒழுகும் இடத்தில் நாங்கள் பாத்திரம் வைத்து மொண்டு ஊற்றுகிற அதே வேலை.

அந்த ஜன்னலைத் திறக்காதே என்று ஆச்சி சொல்லியிருந்தார். அவ்வளவுதான் நாங்கள் செய்தது. அந்தக் கூட்டிலிருந்து இன்றுவரை யாரையும் எதுவும் கொட்டவில்லை.

வீட்டைச் சுற்றிக் கொட்டும் பூச்சிகளைப் பற்றித் தேடினால் கிடைக்கும் குறிப்புகளில் பாதி குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதியவை. "பனிக்காலம் வரட்டும், கூடு தானே செத்துவிடும்" என்று அவை சொல்லும். அங்கே அது உண்மைதான். இலையுதிர்காலம் முடிந்ததும் வேலைக்காரக் குளவிகள் எல்லாம் செத்துப்போகும். கருவுற்ற புது ராணிகள் மட்டும் மரப்பட்டைக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்து, வசந்தத்தில் புதுக் கூடு தொடங்கும். செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கம் அப்படிப்பட்ட குளிர் கிடையாது. மார்கழிப் பனியிலும் இங்கே பூச்சி பறக்கிறது. எங்கள் ஜன்னலில் இருப்பதுபோன்ற சின்னக் காகிதக் குளவி இனம் ஒன்றை (ரொப்பாலிடியா மார்ஜினேட்டா என்பது அதன் அறிவியல் பெயர்) பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். தென்னிந்தியாவில் அது வருஷத்தின் எந்த மாதத்திலும் கூடு தொடங்கும். ராணி போனால் வேலைக்காரக் குளவிகளில் ஒன்று ராணியாகிவிடும், கூடு தொடரும். ஆகவே பொறுத்திருந்தால் குளிர் வந்து வேலையை முடித்துக் கொடுக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. நம் ஊர்ப் பூச்சிகளுக்கு நாள்காட்டி மழைதான். தென்மேற்குச் சாரல் ஒன்று, வடகிழக்கு அடைமழை ஒன்று, நடுவில் இரண்டு வெயில். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரை மழை இன்னும் கூடுதல். கணக்கு ஏறக்குறைய அதேதான்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். பெயர் குழம்பினால் பயமும் குழம்பும். குளவி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் குறைந்தது மூன்று வகை இருக்கின்றன. மரநாரைச் சுரண்டி மென்று காகிதம்போலக் கூடு கட்டும் சின்னக் குளவி ஒன்று. தனியாக வாழ்ந்து மண் குழைத்துக் கூடு கட்டும் மண்குளவி இன்னொன்று. மூன்றாவது கடந்தை. தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் கதண்டு என்பார்கள், மலையாளத்தில் கடந்நல். உடம்பு கறுப்பு, வயிற்றின் முன்பாதியில் மட்டும் ஆரஞ்சோ மஞ்சளோ அகலமான பட்டை. ஒருமுறை பார்த்தால் மறக்காது. உயிர்ப்பயம் என்று சொல்லத்தக்கது இந்தக் கடந்தையும் மலைத்தேனீயும்தான். மற்றவை கொட்டினால் வலிக்கும், வீங்கும். ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் எல்லாவற்றுக்கும் பயப்படத்தான் வேண்டும்.

மண்குளவியை நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பதே தயக்கத்தோடுதான். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈரமண்ணை உருண்டையாக எடுத்துப் போய், கதவு மூலை, டியூப்லைட் பட்டி, பிளக் பாயின்ட் ஓட்டை, மோட்டார் ரூம் மீட்டர்ப் பெட்டி என்று எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே கட்டும். அது காவல் காக்காது, கூட்டமாக வராது. கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டுவதும் அபூர்வம். வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று எங்கள் பக்கம் கூட்டைக் கலைக்க விடமாட்டார்கள். "கொட்டக் கொட்டக் குளவி" என்றும் சொல்வார்கள்; புழுவைக் கொண்டுவந்து அடைத்து, கொட்டிக் கொட்டியே குளவியாக்குகிறது என்ற நம்பிக்கை. உள்ளே நடப்பது வேறு. சிலந்தியையோ பச்சைப்புழுவையோ கொட்டிச் செயலிழக்கச் செய்து, சாகவிடாமல் உள்ளே அடைத்து, அதோடு ஒரு முட்டையை வைத்து மூடிவிடுகிறது. பொரிந்து வரும் குஞ்சு அதைத் தின்று வளர்ந்து, மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஓட்டை விழுந்த கூடு காலியான கூடு. அதைச் சுரண்டி எடுத்துவிடலாம். பிளக் பாயின்ட்டில் கட்டியிருந்தால் மட்டும் மெயினை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும்.

பங்குனி, சித்திரை வெயிலில் எல்லாப் பூச்சிக்கும் ஒரே தேவை தண்ணீர். குளவிகள் குழாயடிக்கு வருவது குடிக்க மட்டுமல்ல. கொண்டுபோய்க் கூட்டின் மேல் தெளித்து, இறக்கையால் விசிறிக் குஞ்சுகளைக் குளிர்ப்பிக்கும். மோட்டார் பக்கத்துத் தொட்டியில் தேனீ வரிசையாக உட்கார்ந்திருப்பதும் அதற்காகத்தான். அவற்றை விரட்டுவதைவிட, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் ஒரு தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்துவிடலாம். அங்கே பழகிக்கொண்டால் குழாயடிக்கு வருவது குறையும். இந்தப் பருவத்தில் இன்னொரு கவனமும் வேண்டும். பதநீர்ப் பானையிலும் பிள்ளைகள் குடித்துப் பாதியில் வைத்த குளிர்பானப் பாட்டிலிலும் தேனீயும் குளவியும் விழுந்து கிடக்கும். பார்க்காமல் குடித்து நாக்கிலோ தொண்டையிலோ கொட்டினால், ஒவ்வாமை இல்லாதவருக்குக்கூட வீக்கம் மூச்சை அடைக்கலாம். அது வீட்டு வைத்தியத்துக்கு உரியதல்ல, உடனே ஆஸ்பத்திரி.

கோடைமழை விழுந்ததும் ரப்பர் தோட்டத்து வீடுகளுக்கு வேறொரு படையெடுப்பு. உதிர்ந்த ரப்பர் இலையைத் தின்று வாழும் முப்ளி வண்டு ஆயிரக்கணக்கில் ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் இடையில் வந்து அடையும். அது கொட்டாது. ஆனால் நசுக்கினால் அதன் கசிவு பட்ட இடம் பொத்துப்போகும். சாரல் காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் மெல்லிய, ஆரஞ்சும் கறுப்பும் கலந்த ஒரு வண்டும் இதே கதைதான். கழுத்தில் ஊர்கிறதே என்று தட்டி நசுக்குவோம். மறுநாளோ அதற்கு மறுநாளோ தீயால் கோடு இழுத்த மாதிரி கொப்புளம் எழும்பும். அப்போது எது கடித்தது என்றே தெரியாது. ஊதி விடுங்கள், தட்டாதீர்கள். பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முருங்கை மரத்தில் மொத்தமாக அப்பிக்கிடக்கும் கம்பளிப்பூச்சியின் முடியும் அப்படித்தான், தொட்ட பிறகே எரியும்.

சாரலில் சன்ஷேடு, மாடிப்படியின் அடி, மாட்டுத் தொழுவம் என்று நனையாத இடத்துக்குக் காகிதக் குளவிகள் வரும். இவை கட்டும் கூட்டைக் கவனித்துப் பாருங்கள்: மொத்தக் கூடும் ஒரு மெல்லிய காம்பில்தான் தொங்கும். அந்தக் காம்பில் குளவி தன் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருக்கும், எறும்பு ஏறாமல் இருக்க ஒரு மருந்து பூசுகிறது. முட்டை, குஞ்சுக்கு அவ்வளவு காவல். அதனால்தான் ஒட்டடைக் கம்பு காம்பில் பட்டால் மட்டும் பாய்கின்றன. தள்ளி நின்று நடமாடினால் சட்டை செய்வதில்லை. கத்தரிச் செடியிலும் பீர்க்கங்கொடியிலும் பச்சைப்புழுவைப் பொறுக்குவதும் இவைதான். எட்டாத உயரத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள் என்பதே என் கட்சி. கதவுக்கு மேல், குழந்தை கை எட்டும் கைப்பிடிச் சுவரில், கேஸ் சிலிண்டர் வைக்கும் மூலையில் என்றால் விட முடியாது. அப்போது காலம் முக்கியம். ஒற்றைக் குளவி நெல்லிக்காய் அளவில் தொடங்கியிருக்கும்போது, அது இரை தேடிப் போன நேரமாகப் பார்த்துக் காம்பைத் தட்டிவிட்டால் அது வேறு இடம் பார்த்துக்கொள்ளும். இருபது குளவி சேர்ந்த பிறகு அதே வேலை சண்டை. சாரலுக்கு முன்னால் வைகாசியிலும், அடைமழைக்கு முன்னால் புரட்டாசியிலும் வீட்டை ஒருதரம் அண்ணாந்து பார்த்துச் சுற்றி வருவதற்கு மிஞ்சிய மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

தேள் பூச்சியினம் அல்ல, எட்டுக் கால் பிராணி. ஆனாலும் மழை தொடங்கியதும் விறகடுக்கிலிருந்து வீட்டுக்குள் வருவதால் ஒரு வார்த்தை. செந்தேள் கொட்டிய குழந்தைக்கு வலியைவிட, கொட்டும் வியர்வை, சில்லிட்ட கைகால், வாந்தி ஆகியவையே ஆபத்துக் குறி. இதயம் பாதிக்கப்படுகிறது என்று அர்த்தம். இதற்குப் பிரசோசின் என்ற மாத்திரை உயிர்காக்கும் என்று 1980களில் காட்டியவர், மகாராஷ்டிரத்தில் மஹாட் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர். மந்திரித்துக் கயிறு கட்டி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

இனி கடந்தைக்கு வருகிறேன். அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

கடந்தைக் கூட்டை ஒரு ராணி தனியாகத் தொடங்குகிறது. அப்போது அது எலுமிச்சை அளவு. யார் கண்ணிலும் படாது. வேலைக்காரக் கடந்தைகள் பெருகப் பெருக, புதர், தென்னை, மாமரக் கிளை, பனை உச்சி, ஆள் வராத கட்டடத்தின் மூலை என்று பானை அளவுக்கும் பெரிதாக ஊதிவிடும். இன்னொரு வகை மரப்பொந்திலும் மண்ணுக்குள்ளும் கட்டும். அதற்கு வெளியே தெரிகிற அடையாளமே இல்லை. மழைக்குப் பிறகு செடிகொடி மண்டிக்கிடக்கும் நேரமும், நாம் அரிவாளும் மெஷினும் எடுத்துக்கொண்டு அதை வெட்டப் போகும் நேரமும் ஒன்று. நூறு நாள் வேலைக்குக் கால்வாய்க் கரையைச் சுத்தம் செய்யப் போனவர்கள், தேங்காய் வெட்ட ஏறியவர், ரப்பர் பால் எடுக்கப் போனவர் என்று கொட்டு வாங்குபவர்கள் பெரும்பாலும் கூலிவேலை பார்ப்பவர்களே. கூட்டை அவர்கள் சீண்டுவதில்லை. அப்படி ஒன்று அங்கே இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

புளியரைப் பக்கம் உறவினர் தோப்பில் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர், ஒரு கார்த்திகை மாதம் புல்வெட்டும் மெஷினோடு வரப்போரம் போனார். மெஷின் அதிர்வு புதரில் இருந்த கூட்டை எட்டிவிட்டது. கடந்தைக்கு அதிர்வு என்றால் தாக்குதல். தலையிலும் முதுகிலும் முப்பது, நாற்பது கொட்டு. பக்கத்து ஊரில் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பார்க்கப் போனேன். "ஒண்ணுமில்ல தம்பி, கடுப்பு குறைஞ்சிட்டு" என்று திண்ணையில் உட்கார்ந்து பேசினார். முகம் வீங்கியிருந்தது, மற்றபடி தெம்பாகத்தான் இருந்தார். அதற்கு அடுத்த நாள் காலையில் மூத்திரம் கட்டஞ்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் போனதாக அவர் மனைவி ஃபோன் செய்தார்.

அந்த நிறம் ஏன் என்று பிறகு டாக்டர் விளக்கினார். நிறையக் கொட்டும்போது விஷம் சதை நார்களையும் ரத்தத்தின் சிவப்பணுக்களையும் சிதைக்கிறது. சிதைந்ததெல்லாம் சிறுநீரகத்தில் போய் அடைக்கிறது. விஷம் சிறுநீரகத்தை நேராகவும் தாக்கலாம். இது கொட்டிய அன்று தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிறுநீர் கறுத்து, குறைந்து, நின்றுபோகும். அண்ணாச்சிக்கு டயாலிசிஸ் செய்தார்கள். மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்தார். நாங்கள் ஒருநாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. ஆகவே பல கொட்டு வாங்கியவர் "இப்போ பரவாயில்லை" என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்து, இரண்டு மூன்று நாளாவது மருத்துவர் கண்ணில் இருக்க வேண்டும். சின்னக் குழந்தைக்குப் பத்துக் கொட்டும் அதிகம்தான்.

கடந்தைக் கூட்டுக்கு ராத்திரியில் தீப்பந்தம் காட்டுவது எங்கள் பக்கம் பழைய பழக்கம். பரம்பரையாகச் செய்தவர்கள் செய்தார்கள், சரி. ஆனால் மண்ணெண்ணெய்த் துணியோடு ஏணியில் நிற்பவருக்குத் தப்பி ஓட இடம் இல்லை. கடந்தை வெளிச்சத்தை நோக்கி வரும். பந்தமும் டார்ச்சும் அதற்கு வழிகாட்டி. ஓலைக்கூரையும் வைக்கோல்போரும் கரன்ட் கம்பியும் இருக்கிற இடத்தில் அது வேறு ஆபத்து. கொசு அடிக்கும் ஸ்ப்ரேயைப் பெரிய கூட்டின் மேல் அடிப்பதும் வெளியே இருக்கும் கடந்தைகளைக் கிளப்பிவிடுவதோடு சரி. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், 101. தமிழ்நாட்டில் கதண்டுக் கூட்டை அழிப்பதற்காக அவர்கள் அடிக்கடி போய்வருகிறார்கள். அவர்கள் வரும்வரை அந்தப் பாதையில் ஒரு கயிற்றைக் கட்டி, அக்கம்பக்கத்தாருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

தேனீயிடம் இந்தக் கடுமை எனக்கு வராது. தேன்மலை என்ற பொருளிலேயே ஓர் ஊர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, தேனருவி என்று குற்றாலத்தில் ஓர் அருவி இருக்கிறது. தேனீ இல்லாத ஊராக இதை நினைத்துப் பார்க்க முடியாது. ரப்பர் இலை மார்கழி, தை மாதங்களில் உதிர்ந்து, புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் தேன் சுரக்கும். மார்த்தாண்டத்துக்காரர்கள் தேனீப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவது அந்தத் தேனுக்காகத்தான். இந்தத் தேன்பெருக்கத்துக்கு முன்னும் பின்னும் பொந்துத் தேனீக்கள் இரண்டாகப் பிரியும். பிரிந்த கூட்டம் உங்கள் வேப்பங்கிளையில் தாடிபோலத் தொங்கினால் பதற வேண்டாம். அதற்குக் காக்க வீடும் இல்லை, குஞ்சும் இல்லை. வயிறு நிறையத் தேனோடு இடம் தேடி நிற்கிறது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கிளம்பிவிடும். தேன்பெட்டி வைத்திருப்பவருக்குச் சொன்னால் சந்தோஷமாக வந்து எடுத்துப்போவார். பழைய மண்சுவர் இடுக்கில் மெழுகுக்குழாய் நீட்டியிருக்கும் கொசுத்தேனீக்குக் கொடுக்கே கிடையாது. அந்தச் சுவரைப் பூசாதீர்கள்.

மலைத்தேனீ வேறு சங்கதி. தண்ணீர்த் தொட்டி, கோபுரம், பாலத்தின் அடி, ஆலமரம் என்று உயரத்தில் ஒற்றை அடையாக, ஒரு மீட்டர் அகலத்துக்கும் தொங்கும். கீழிருந்து பார்த்தால் அடையின் மேல் நீரலைபோல ஒன்று பரவி ஓடும். ஆயிரக்கணக்கான தேனீக்கள் வரிசையாக வயிற்றைத் தூக்கிக் காட்டி, பக்கத்தில் வரும் கடந்தையை மிரட்டுகின்றன. அந்த அழகைத் தூரத்திலிருந்து பார்க்கலாம். தேன்பருந்து வந்து அடையைப் பிய்க்கும்போதும், கீழே வெடி போடும்போதும், புகை எழும்பும்போதும் மொத்தமாக இறங்கிவிடும். நூறு, இருநூறு மீட்டர் துரத்தும். ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்தில் வாழைப்பழ வாசனை ஒன்று எழும். ஐசோபென்டைல் அசிட்டேட் என்ற அந்த ரசாயனம்தான் மற்றவற்றுக்கு அழைப்பு. ஆகவே நின்று கையை வீசுவது மோசமான யோசனை. துண்டாலோ சேலைத் தலைப்பாலோ முகத்தை மூடி, நேராக ஓடி, கதவுள்ள இடத்துக்குள் போய்விட வேண்டும். குளத்தில் குதிக்க வேண்டாம், தலை தூக்கும் நேரத்துக்குக் காத்திருக்கும். இந்த அடைகள் பூக்காலம் முடிந்தால் தானே இடம்பெயர்ந்துவிடும். அதுவரை அந்தத் தொட்டியைக் கழுவும் வேலையைத் தள்ளிப்போடலாம்.

கொட்டிய பிறகு செய்ய வேண்டியதில் தேனீக்கும் குளவிக்கும் வித்தியாசம் ஒன்றுதான். தேனீயின் கொடுக்கில் முள் உண்டு. அது தோலில் மாட்டி, விஷப்பையோடு பிய்ந்து நின்று, தொடர்ந்து விஷத்தை உள்ளே தள்ளும். நகத்தாலோ விரலாலோ எப்படியாவது உடனே எடுத்துவிடுங்கள். எப்படி எடுப்பது என்று யோசிக்கும் நேரம்தான் கெடுதல். குளவி, கடந்தையின் கொடுக்கு வழவழப்பானது, ஒன்றே பலமுறை கொட்டும், எடுக்க எதுவும் இராது. சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் ஐஸ் சுற்றி வையுங்கள். விரலில் கொட்டினால் வீங்கும் முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். சுண்ணாம்பும் புளியும் வெங்காயமும் எங்கள் வீட்டிலும் தடவியவைதான். ஆனால் விஷம் தோலுக்கு அடியில் போய்விட்டது, மேலே தடவுவது அதைத் தொடாது. சுண்ணாம்பு கண்பக்கம் பட்டால் புதுக் காயம்.

கொட்டிய இடத்தை விட்டு வேறெங்கோ மாற்றம் தெரிந்தால்தான் நிஜமான அவசரம். உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குவது, குரல் மாறுவது, மூச்சு இழுப்பது, வாந்தி, மயக்கம். ஒற்றைக் கொட்டிலும் இது வரும், பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் வரும். இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத்தில். அலர்ஜி மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும், இதைத் தடுக்காது. ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து உட்காரவைக்கலாம். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள், ரத்த அழுத்தம் விழுந்தவரை நிமிர்த்தி வைப்பதே ஆபத்து. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆம்புலன்ஸ் எண் 108தான். கணவாய்ப் பாதையில் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து செங்கோட்டையோ புனலூரோ, எது பக்கமோ அங்கே போங்கள். மாநில எல்லை பார்க்க வேண்டாம். ஒருமுறை இப்படி ஆனவர் வீட்டில் அந்த விவரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை அவரால் பேச முடியாமல் போகலாம்.